செங்கழனிப்பட்டியின் நாக்குகள்

செங்கழனிப்பட்டியில் பாத்திரக் கம்பெனியின் முக்கு ரூமில் வேலை பார்த்த நாற்பது பெண்களின் நாக்குகளும், அவர்கள் எந்தத் திசை பார்த்து நின்று நீட்டினாலும், கம்பெனியின் புகைபோக்கி இருக்கும் பக்கமே திரும்பும் என்பது ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்குத் தெரியவந்தது. பதினொன்றரை மணிக்கு ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு ஊர் அதை அப்படியே வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டது.

கண்டுபிடித்தவர் சூசைமாணிக்கம். கம்பெனியின் பாலிஷ் பிரிவில் பதினோரு வருஷம் நின்றவர், வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியதற்காக முப்பது வருஷத்துக்கு முன்னால் வெளியே அனுப்பப்பட்டவர், அன்றிலிருந்து அந்தக் கம்பெனியைத் தவிர வேறெதைப் பற்றியும் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் பேசியறியாதவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைவிட்டது. மீதிப் படிப்பையெல்லாம் அவர் நோட்டீஸ்களில் படித்தார், பிறகு நோட்டீஸ்களாகவே எழுதினார், அதனால் ஊரில் அவருக்கு நோட்டீஸ் சூசை என்று பெயர். அவரை வெளியே அனுப்பிய அதே மாதம் கம்பெனி அவருடைய மனைவி அருளாயியைக் கூப்பிட்டு முக்கு ரூமில் வேலை கொடுத்தது. இது பழிவாங்கல் என்று அவர் ஒரு நோட்டீஸ் போட்டார். இது சோறு என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.

எவர்சில்வர் பாத்திரங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போவதற்காக அவற்றைத் தொட்டியில் கொதிக்கும் மருந்தில் முக்கி எடுக்கும் அறைதான் முக்கு ரூம். அந்த மருந்துக்கு ஒரு பெயர் இருந்தது, பீப்பாயில் எழுதியும் இருந்தது, ஆனால் எழுதியிருந்த இடத்தின்மேல் மேனேஜர் சந்தானகிருஷ்ணன் ஒரு லட்சுமி படத்தை ஒட்டியிருந்தார். லேசான இனிப்பு வாசனை அடிக்கும். முதல் வருஷம் தலை சுற்றும், வாந்தி வரும், பிறகு பழகிவிடும். பழகிவிட்டது என்று பெண்கள் சொன்னதற்கு அர்த்தம், சுற்றுகிறது என்று எடுத்துச் சொல்ல வேண்டிய நரம்பும் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டது என்பதுதான்.

அந்தப் புதன்கிழமைக்கு மூன்று நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அருளாயி மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியின் மருமகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது, அவளுடைய இடது பக்க உதட்டில் ஒரு கெளுத்தி முள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதைச் சூசை கண்டார். ரத்தம் மோவாய்வரை வழிந்திருந்தது. அவள் பேச்சை நிறுத்தவில்லை. அவர் எழுந்து வந்து அவள் இடது கன்னத்தை நறுக்கென்று கிள்ளினார்.

"சாப்பிடும்போது என்னத்தய்யா பக்கத்துல வந்து நிக்கிற?" என்றாள்.

"கிள்ளுனேன்."

"எப்ப?"

சூசை கையைக் கழுவிவிட்டுச் சங்கத்து அறைக்குப் போனார். சைக்கிள் கடையின் மாடியில் இருந்த அந்த அறையில், பழைய பேப்பர் கடையிலிருந்து அவர் எடுத்துவந்த வைத்தியப் புத்தகம் ஒன்று கிடந்தது. அதை மூன்று நாள் படித்து, படித்ததை எட்டுப் பக்க நோட்டீஸாக எழுதி, ரோஸ் தாளில் அடித்தார். தலைப்பு: உன் தலைக்குள் பன்னிரண்டு ஜோடி.

அந்த நோட்டீஸ் அவருடைய ஆயுளின் சிறந்த எழுத்து என்று அவர் நினைத்தார், அது உண்மையும்கூட. மூளையின் அடியிலிருந்து முகத்துக்கும் தொண்டைக்கும் இறங்குகிற நரம்புகள் இடதும் வலதுமாய்ப் பன்னிரண்டு ஜோடி, ஆக இருபத்துநாலு தொழிலாளர்கள், ஒருநாள்கூட விடுமுறை எடுக்காதவர்கள் என்று அது தொடங்கியது. ஒன்றாவது வாசனை பிடிப்பவர், இரண்டாவது பார்ப்பவர். மூன்றும் நாலும் ஆறும் கண்ணைத் திருப்பும் கூலிகள், இவர்களில் மூன்றாமவர் படுத்தால் இமை தொங்கும், நாலாமவர் படுத்தால் படி இறங்கும்போது ஒரு படி இரண்டாய்த் தெரியும், ஆறாமவர் படுத்தால் கண் தன் பக்கத்து வெளிப்புறத்தைப் பார்க்க முடியாமல் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கும். ஐந்தாமவர் முகத்தின் தொடு உணர்ச்சியையும் மெல்லுகிற தாடையையும் வைத்திருப்பவர், அவர் போய்விட்டால் முகத்தில் அறைந்தாலும் உறைக்காது. ஏழாமவர் சிரிப்பவர், முகம் சுளிப்பவர், கண்ணை மூடுபவர், அவர் படுத்தால் பாதி முகம் வடிந்துபோகும். எட்டாமவர் காது கேட்பவர், தள்ளாடாமல் நிறுத்துபவர். ஒன்பதாமவர் தொண்டைக் காவல்காரர், பின்நாக்கில் கசப்பறிபவர். பத்தாமவர் தலையில் பிறந்து வயிறுவரை கால்நடையாகவே போகிற சுற்றுப்பயணப் பேச்சாளர், குரலும் அவர்தான், போகிற வழியில் இதயத்தையும் நிதானப்படுத்திவிட்டுப் போவார். பதினோராமவர் தோளைக் குலுக்குபவர், எனக்கென்ன என்று ஊரார் சொல்வதெல்லாம் இவர் தயவில்தான். பன்னிரண்டாமவர் நாக்கை ஆட்டுபவர். இதில் ஓர் இடத்தைச் சூசை தடித்த எழுத்தில் போட்டிருந்தார்: பத்தாமவர் படுத்தால் 'ஆ' என்று சொல்லும்போது உள்நாக்கு நோய்ப்பட்ட பக்கத்தை விட்டுவிட்டு நல்ல பக்கம் ஓடும், பன்னிரண்டாமவர் படுத்தால் வெளிநாக்கு நோய்ப்பட்ட பக்கமே சாயும், ஒரே வாயில் இரண்டு கட்சி.

கடைசி இரண்டு பக்கத்தில் பரிசோதனை முறைகள் இருந்தன. சுகமாய் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து, காப்பி என்று சொல்வார். சுகமாய் இருப்பவர் கருவிழியில் பஞ்சு பட்டதும் சிமிட்டுவார். சுகமாய் இருப்பவரின் நாக்கு நேராக வரும். இப்படிப் பன்னிரண்டு.

புதன்கிழமை மின்சாரம் கிடையாது, கம்பெனிக்கு விடுமுறை. சூசை அருளாயியைச் சங்கத்து அறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துப் பன்னிரண்டையும் பார்த்தார். ஐந்தாவது போயிருந்தது, இடது பக்கம். பஞ்சால் தொட்டாலும் தெரியவில்லை, குண்டூசியால் தொட்டாலும் தெரியவில்லை. பன்னிரண்டாவதில் நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு வெளியே வந்து இடது பக்கம் சாய்ந்தது.

"பன்னிரண்டாவதும் போச்சு" என்றார் சூசை. நாற்பது வருஷம் போராடியவர்களுக்கு ஒரு கெட்ட வியாதி உண்டு, சாட்சி கிடைத்தால் துக்கம் மறந்துவிடும்; அவர் குரலில் இருந்தது சந்தோஷம்தான். வெளிச்சம் போதவில்லை என்று ஸ்டூலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு மறுபடி நீட்டச் சொன்னார். நாக்கு வலது பக்கம் சாய்ந்தது. புத்தகத்தைப் புரட்டினார். புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லை. சுவரைப் பார்த்து உட்காரவைத்தார். நாக்கு மேலே மடங்கித் தொண்டையைப் பார்த்தது.

"என்னய்யா சுத்திச் சுத்தி உக்காரவைக்கிற, முடி வெட்டப் போறியா?" என்றாள் அருளாயி.

அவர் கீழே போய், தெருக்குழாயில் நின்றிருந்த முக்கு ரூம் பெண்கள், பேச்சியம்மாளையும் இன்னும் நாலு பேரையும், கூட்டிவந்தார். எல்லோர் நாக்கும் ஒரே பக்கம். பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து ஊர் வரைபடத்தை இரவல் வாங்கி, ஊரின் ஏழு இடங்களில் பெண்களை நிறுத்தி, நாக்கு காட்டிய திசைகளில் பென்சிலால் கோடு போட்டார். ஏழு கோடுகளும் போய்ச் சேர்ந்த இடத்தில் புகைபோக்கி இருந்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், மற்ற எல்லாவற்றையும் எப்படி எடுத்துக்கொண்டதோ அப்படித்தான். மார்கழிப் பனியில் எதிரே இருப்பது தெரியாதபோது மதுரை பஸ்ஸின் கண்டக்டர் முன்சீட்டில் ஒரு முக்கு ரூம் பெண்ணை உட்காரவைத்து, "அக்கா, கொஞ்சம் நீட்டுங்க" என்று கேட்டுக் கேட்டுக் கம்பெனி ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தினார். சர்வேயர் தன் கருவி பழுதான வாரம் பேச்சியம்மாளைக் கூட்டிப்போய் மூன்று வயல்களை அளந்தார், ஒரு ஜாண்கூடத் தப்பவில்லை. சவேரியார் கோவிலில் பங்குச் சாமியார் நற்கருணை கொடுக்கும்போது அப்பம் பாதிப் பேருக்கு உதட்டோரம் விழுந்துகொண்டிருந்ததால், இரண்டு ஞாயிறு பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாவது ஞாயிறு அவர் பீடத்தை விட்டு இறங்கிவந்து, புகைபோக்கிக்கு முன்னால் தான் நிற்கிற மாதிரி கிழக்குக் கதவோரம் நின்றுகொண்டார். அன்று எல்லா நாக்கும் நேராக வந்தன, அவரும் அதை ஜெபத்தின் பலன் என்று பிரசங்கத்தில் குறிப்பிட்டார். மாரியம்மன் கோவில் பூசாரிக்கும் இதே கஷ்டம், நாக்கில் அலகு குத்தும்போது வேல் கன்னத்துக்குப் போனது. அவரும் அம்மனுக்கு முதுகைக் காட்டிப் பெண்களை நிறுத்தக் கற்றுக்கொண்டார். இப்படியாக இரண்டு கடவுள்களும் எந்தச் சண்டையும் இல்லாமல் புகைபோக்கியின் கீழ் ஒன்றுசேர்ந்தார்கள். மத நல்லிணக்கத்துக்காகச் சூசை நாற்பது வருஷம் நடத்திய கூட்டங்களில் அது கைகூடியதில்லை.

பிறகு அது பரவியது. முக்கு ரூமுக்குள் கால் வைக்காதவர்களுக்கும் வந்தது. கம்பெனி கேண்டீனுக்கு அரிசி போடும் மளிகைக்காரருக்கு வந்தது, கம்பெனிப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்கு வந்தது, வார்டு கவுன்சிலருக்கு வெகுநாளாகவே இருந்திருக்கலாம் என்று பேச்சு, ஆனால் அவர் மேடையில் பேசும்போது உதட்டை விட்டு நாக்கை வெளியே விடுவதில்லை. மேனேஜர் சந்தானகிருஷ்ணன் இதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்தார். ஆயுதபூஜை அன்று தொழிலாளர்களைக் கம்பெனியைச் சுற்றி வட்டமாக நிறுத்தி நாக்கை நீட்டவைத்து ஒரு படம் எடுத்தார்கள். அடுத்த வருஷக் காலண்டரில் அதுதான் வந்தது, ஊரில் எல்லார் வீட்டிலும் தொங்கியது, சூசை வீட்டிலும், ஏனென்றால் அருளாயிக்குத் தேதி பார்க்க வேண்டியிருந்தது.

சூசைக்கு நாக்கைப் பற்றிக் கவலை இல்லை, அல்லது இரண்டாவது கவலைதான். முதல் கவலை அந்த இடது கன்னம். சித்திரையில் உதட்டளவில் இருந்த மரப்பு ஆடியில் கண்ணுக்குக் கீழே ஏறியிருந்தது. சாப்பிட்டது கன்னத்துக்குள் தங்கியது. பல்லில் கடிபட்டு உள்கன்னம் புண்ணாகி, அது புண் என்று அவளுக்குத் தெரியாமல் சீழ் வைத்தது. பெரியாஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் ஒரு வருஷம் அந்த ஆவியைக் குடித்தால் மறுபக்கமும் போகும், கண்ணில் தூசு விழுவதுகூடத் தெரியாமல் பார்வையும் போகும், உடனே நிறுத்துங்கள் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னார்.

"நிறுத்திட்டு?" என்றாள் அருளாயி.

சூசை பதில் இல்லாதபோதெல்லாம் செய்கிற காரியத்தைச் செய்தார். கலெக்டருக்கு மனு எழுதினார். நாற்பது மனு போயிருந்தது, இது நாற்பத்தொன்று. எதிலும் அவர் கையெழுத்து மட்டும்தான் இருக்கும். அருளாயி ஒன்றிலும் போட்டதில்லை.

நாற்பத்தொன்றாவதுக்குப் பதில் வந்தது. மருத்துவக் குழு வரும், முக்கு ரூம் பெண்கள் நாற்பது பேரையும் தலை நரம்புப் பரிசோதனை செய்யும், ஒருவருக்கு நரம்பு பழுதென்று தெரிந்தாலும் மருந்தை மாற்றும்வரை அறை பூட்டப்படும். மனுதாரர் பார்வையாளராக இருக்கலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது. இதற்குச் சம்மதம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், திறந்தால் மனு தள்ளுபடி. சூசை அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரை மூன்று சுற்றுச் சுற்றினார்.

அதே சாயங்காலம் மேனேஜர் பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு அமைதியாகப் பேசினார். "யாரையும் நான் மிரட்டல. சீக்குன்னு எழுதுனா சீக்காளியை எப்படி வேலைக்கு வச்சுக்கிறது? வீட்டுக்குத்தான் அனுப்பணும். அது சட்டம். ஒருத்தருக்குச் சீக்குன்னாலும் ரூமையே பூட்டுவாங்க. மத்த முப்பத்தொம்பது பேர் வாயில மண்ணு. எல்லாரும் நல்லா இருக்கீங்கதானே?"

எல்லோரும் நன்றாக இருந்தார்கள்.

மறுவாரம் சூசை தெருவில் போகும்போது ஓர் அதிசயம் கண்டார். நாக்கு அதிசயம் அவருக்கு இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. குழாயடியில், பஸ் ஸ்டாப்பில், மாவு மில்லில், பார்த்த இடமெல்லாம் பெண்கள் அவருடைய நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் போட்ட ரோஸ் தாள் இல்லை, பளபளப்பான தாள், ஆனால் எழுத்து அவருடையது, தலைப்பு அவருடையது, பின்னட்டையில் பெயர்கூட இருந்தது. உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். எழுச்சி என்று நோட்டீஸ்களில் இத்தனை வருஷம் எழுதியது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்து அவருக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு பேச்சியம்மாளை நிறுத்தி, "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ரொம்ப வசதியா இருக்கு சூசண்ணே" என்றாள் பேச்சியம்மாள். "என்ன கேப்பாங்க, என்ன சொன்னா பாஸுன்னு நீங்க ஒவ்வொண்ணா போட்டுருக்கீங்க. மேனேஜரு ஆளுக்கொண்ணு குடுத்தாரு. உங்க வீட்டுலதான் அக்கா பாடம் நடத்துது."

வீட்டில் கூடத்தில் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அருளாயி நடுவில் நின்று ஒரு தீக்குச்சியில் பஞ்சு சுற்றி வைத்திருந்தாள்.

"மேல பாருன்னு சொல்லுவாரு. பாக்கணும். ஒண்ணு, ரெண்டு, மனசுக்குள்ள எண்ணு. ரெண்டுல சிமிட்டு. பஞ்சு படுதா இல்லையான்னு யோசிச்சிட்டு நிக்காத."

சூசை வாசலிலேயே நின்றார். எல்லோரும் போனபிறகு, "நீயுமா?" என்றார்.

"நான்தான்" என்றாள் அவள்.

"நான் சீக்கைக் கண்டுபிடிக்க எழுதினேன் அருளாயி."

"நீ நல்லா எழுதியிருக்க. அதான் எல்லாருக்கும் புரியுது. சாப்பிட வா."

பரிசோதனை நாளன்று கேண்டீனின் கிழக்குச் சுவரில் ஒரு புது ஜன்னல் இருந்தது, சிமெண்டு ஈரம் காயவில்லை. ஜன்னலுக்கு நேரே ஸ்டூல். ஸ்டூலில் உட்கார்ந்தால் ஜன்னலின் நட்டநடுவில் புகைபோக்கி தெரியும். குழுவில் மூன்று பேர் என்று கடிதத்தில் இருந்தது. வந்தவர் டாக்டர் திருவேங்கடம் ஒருவர், முந்தின நாளே கம்பெனிக் காரில் வந்து, கம்பெனி விருந்தினர் விடுதியில் தங்கி, இரண்டு வேளை சாப்பிட்டிருந்தார். மரியாதையான மனிதர். எல்லோரையும் அம்மா என்று அழைத்தார். சூசைக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

முதலில் பேச்சியம்மாள். கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் ஒரு டப்பாவைத் திறந்து அவள் மூக்குக்குக் கீழே பிடித்தார். டப்பாவில் கற்பூரம். சுவரோரம் இருந்த சூசைக்கே தும்மல் வந்தது.

"காப்பி" என்றாள் பேச்சியம்மாள்.

டாக்டர் டப்பாவை இன்னும் கிட்டே கொண்டுபோனார். "நல்லா மோந்து பாருங்கம்மா."

"நல்ல காப்பிதான் சார். இப்பப் போட்டது."

சூசை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய புத்தகத்தில் காப்பித்தூள் என்று இருந்தது, அவர் காப்பித்தூள் என்று எழுதினார், காப்பித்தூள் இல்லாமல் வேறெதையும் ஒரு டாக்டர் மோக்கக் கொடுக்கக்கூடும் என்பது நோட்டீஸில் படித்து நோட்டீஸில் எழுதியவருக்குத் தோன்றவில்லை. டாக்டர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் டாக்டரின் மேஜையில் இருந்த பிளாஸ்கைப் பார்த்தார்.

"ஆமா, என் பிளாஸ்குல காப்பி இருக்கு" என்றார் டாக்டர், தனக்குத்தானே. "மூடித்தான் வச்சிருக்கேன்." முதல் நரம்பு, இயல்பைவிடக் கூர்மை, என்று எழுதினார்.

நாற்பது பேரும் கற்பூரத்தைக் காப்பி என்றார்கள். நாற்பது பேருக்கும் கூர்மை என்று எழுதப்பட்டது. காது கேட்காத அந்தோணியம்மாள், கேட்கும்முன்பே டாக்டரின் உதட்டைப் பார்த்துப் பதில் சொன்னாள். தள்ளாடுகிறவர்களை இரண்டு பக்கமும் இரண்டு பேர் தோழமையாக அணைத்துக் கூட்டிவந்தார்கள். தோளைக் குலுக்கச் சொன்னபோது எல்லோரும் அருமையாகக் குலுக்கினார்கள், அந்த நரம்பு மட்டும் ஊரில் யாருக்கும் பழுதாகவில்லை. ஜன்னலைப் பார்த்து நீட்டிய நாக்குகள் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தன. சூசை எழுதிய வரிகள் ஒவ்வொன்றாக எழுந்துவந்து அவர் கண்ணெதிரே பாஸாகிக்கொண்டிருந்தன.

கடைசியில் அருளாயி. காப்பி என்றாள். பல்லைக் கடித்தாள், சிரித்துக் காட்டினாள். டாக்டர் அவளை மேலே பார்க்கச் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து பஞ்சைக் கொண்டுவந்தார். ஒன்று, இரண்டு, இரண்டில் சிமிட்டினாள். நல்லது என்றார் டாக்டர். சோதனை முடிந்ததென்று அவள் மேலேயே பார்த்தபடி ஓய்வாக உட்கார்ந்திருந்தபோது, அவர் இன்னொரு முறை, என்னவோ ஒரு பழைய பழக்கத்தில், படித்த காலத்தின் மிச்சத்தில், பஞ்சை மெல்லக் கொண்டுவந்து இடது கருவிழியின் ஓரத்தில் வைத்தார். கண் சிமிட்டவில்லை. பஞ்சு அங்கேயே இருந்தது. அவள் புன்னகையோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பஞ்சைப் பார்த்தார், பிறகு சூசையைப் பார்த்தார், சூசை பார்ப்பதைப் பார்த்தார். பஞ்சை எடுத்துவிட்டு, ஐந்தாவது நரம்பு, இயல்பு, என்று எழுதினார்.

"ஸ்டூலைத் திருப்புங்க சார்" என்றார் சூசை.

அருளாயி அவரைப் பார்த்த பார்வையில், பேசாம இரு என்று எழுதியிருந்தது.

"நிபந்தனை" என்றார் மேனேஜர், மகிழ்ச்சியைக் காட்டிக்கொள்ளாமல். "எழுதிக் குடுத்திருக்கீங்க."

"ஒரே ஒரு தடவை திருப்பி உக்காரவச்சு நீட்டச் சொல்லுங்க. அப்புறம் என் மனுவைக் கிழிச்சுப் போடுங்க."

டாக்டர் மரியாதையான மனிதர், மறுக்கவில்லை. அருளாயி தெற்கே பார்த்து உட்கார்ந்தாள்; நாக்கு இடது பக்கம் போனது. வடக்கே பார்த்து உட்கார்ந்தாள். வலது பக்கம் போனது. டாக்டர் வியப்பில்லாமல் தலையசைத்தார். நாக்கு எல்லாத் திசைகளிலும் தடையின்றி அசைகிறது, என்று எழுதினார். அறிக்கையை மடித்து உறையில் போட்டு, பசையை ஈரமாக்க நாக்கை நீட்டினார். நாக்கு உறையைத் தொடாமல் விலகி, ஜன்னல் பக்கம் சாய்ந்தது. அவர் இரண்டு முறை முயன்றுவிட்டு, உறையை நாக்கு இருந்த இடத்துக்கு நகர்த்தி ஒட்டிக்கொண்டார்.

அருளாயி வியாழன், வெள்ளி, சனி வேலைக்குப் போனாள். சூசை அந்த மூன்று நாளும் சங்கத்து அறையில் இருந்தார், ஒரு நோட்டீஸ்கூட எழுதவில்லை. நாற்பத்தொரு மனுவில் ஒன்றே ஒன்று நின்றது, அதையும் தன் வாயால் தானே தள்ளியாயிற்று, இனி அவள் முகத்தின் மறுபக்கமும் மரக்கிற நாளை எண்ணிக்கொண்டிருப்பதுதான் பாக்கி என்று உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அருளாயி சோறு போட்டு, தானும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். சாப்பிட்டுக்கொண்டே, இடது கையால் பக்கத்திலிருந்த மஞ்சப்பையை அவர் பக்கம் தள்ளினாள். உள்ளே, டாக்டர் ஆளுக்கொன்றாக எழுதிக் கொடுத்திருந்த நாற்பது சர்டிபிகேட்டுகள். அரசாங்க முத்திரையோடு, பன்னிரண்டு நரம்பும் இயல்பு, வேலைக்கு முழுத் தகுதி.

"எதுக்கு இது?" என்றார்.

"மருந்தை மாத்தச் சொல்லி மனு எழுது."

"அதான் தள்ளிட்டானே."

"அது உன் மனு. இது எங்க மனு." ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டுக்கொண்டாள். "சீக்குன்னு சொன்னா வெளிய அனுப்புவேன்னான். இப்ப நாப்பது பேரும் நல்லாருக்கோம்னு கவர்மெண்டு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. இனிமே எங்களைச் சீக்காளின்னு அவன் அனுப்ப முடியாது. அனுப்புனா இதைக் காட்டுவோம். இப்ப எழுது, கற்பூரத்தை மோக்கச் சொன்னாரு, நாப்பது பேரும் காப்பின்னோம், கூர்மைன்னு எழுதுனாரு. ஒரு டப்பாவை மோந்து பாக்குற கலெக்டரா இருந்தா அவருக்குப் புரியும். என் கண்ணுல பஞ்சு கிடந்ததையும் எழுது. நீ பாத்தல்ல?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"உன் மூஞ்சியைப் பாத்தேன்."

பைக்குள் இன்னொரு தாளும் இருந்தது. நாற்பது கையெழுத்து. முதல் கையெழுத்து அருளாயி, முப்பது வருஷத்தில் முதல் தடவை, எழுத்து எழுத்தாக.

சூசை இடது விரலால் கையெழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு, "இதை முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"சொன்னா நோட்டீஸ் அடிச்சிருப்ப."

சூசை தட்டையும் கையையும் கழுவிவிட்டு வந்து மனுவை எழுதினார். அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதினார், வர்க்கம் என்ற சொல்லோ வரலாறு என்ற சொல்லோ வராமல் அவர் எழுதிய முதல் மனு அது, ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. கையெழுத்துத் தாளைப் பின்னால் வைத்து மடித்து, உறையில் போட்டு, ஒட்டுவதற்காக நாக்கை நீட்டினார்.

நாக்கு உறையை விட்டு விலகித் தெருப் பக்கம் போனது. தெருவுக்கு அந்தப் பக்கம் மாவு மில், மாவு மில்லுக்கு அந்தப் பக்கம் புகைபோக்கி. உள்ளே இழுத்து மறுபடி நீட்டினார். மறுபடியும் அங்கேதான் போனது. கையில் உறையோடு அப்படியே இருந்தார்.

அருளாயி பார்த்துவிட்டாள். சிரித்தாள், சோற்றைப் பிசைந்த கை நிற்குமளவுக்குச் சிரித்தாள். "முப்பது வருசமா நீ திட்டுன, நான் முக்குனேன். ரெண்டு பேரு நாக்கும் ஒரே பக்கம்தான்யா. உள்ள வச்சுக்க, யாராச்சும் பாத்தா காலண்டர்ல போட்டுருவான்."

அவர் நாக்கை உள்ளே வைத்துக்கொண்டார். பசை வேண்டியிருந்தது. சுற்றிலும் பார்த்தபோது அவளுடைய இடது கன்னத்தில், உதட்டுக்கு ஒரு விரல்கடை மேலே, ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. சாப்பிட ஆரம்பித்ததிலிருந்தே அது அங்கே இருந்திருக்க வேண்டும், சுற்றிலும் குழம்பு ஈரம் பரவியிருந்தது. அவர் கையை நீட்டி அதை எடுத்தார். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். விரலுக்கிடையில் வைத்து நசுக்கி, உறையின் விளிம்பில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தேய்த்து, அழுத்தி மூடினார்.

"எதைவச்சு ஒட்டுன?" என்றாள்.

"சோறு."

"உன் தட்டைத்தான் கழுவிட்டியே. எங்கேருந்து எடுத்த?"

சூசைமாணிக்கம் உறையின்மேல் முகவரி எழுதக் குனிந்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு இடது கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தடவினாள். கன்னம் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. விரல்தான் அங்கே ஈரமாக இருந்ததைச் சொன்னது.